இறால் கம்பெனியில் ஈ.ஆர்.பி. போட்ட கதை

ஒரு கம்பெனிக்கு ஈ.ஆர்.பி. போட்டுக்கொடுக்கிற வேலையில் பாராட்டு வேறு யாருக்கோ போகும், போன் மட்டும் நமக்கு வரும்.

இந்த வேலையில் ஒருமுறை மாட்டியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மாட்டாத பாக்கியசாலிகளுக்கு ஒரு வார்த்தை: கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, அனுப்புகை எல்லாவற்றையும் ஒரே சாஃப்ட்வேருக்குள் கொண்டுவந்து கட்டிப்போடுவதுதான் ஈ.ஆர்.பி. போட்டுவிட்டால் முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பெனி முழுவதையும் மொபைலில் பார்க்கலாம். போட்டு முடிப்பதற்குள் நாம் படுகிற பாட்டைத்தான் எந்த மொபைலிலும் பார்க்க முடியாது.

நான் எஸ்தர். கல்பாக்கத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் நடுவே ஈ.சி.ஆரை ஒட்டி இருக்கிற ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். பண்ணைகளில் பிடிக்கிற இறால் ஐஸ் போட்டு லாரியில் வரும். ஷெட்டில் பெண்கள் தலையைக் கிள்ளி, தோலை உரித்து, அளவு பிரித்துக் கொடுப்பார்கள். உறையவைத்து, பெட்டி கட்டி, கப்பலுக்கு அனுப்புவோம். என் அம்மாவும் இதே ஷெட்டில் பத்து வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். நான் செங்கல்பட்டில் பி.காம். முடித்ததால் எனக்கு நாற்காலி கிடைத்தது. கம்ப்யூட்டரில் கை ஓடும், சொன்ன வேலையைத் தட்ட மாட்டேன் என்ற இரண்டு தகுதிகளுக்காக இந்த வம்பும் கிடைத்தது.

மூன்று டெமோ

சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்க மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டிருந்தோம். முதல் கம்பெனியிலிருந்து சென்னைக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். திரையில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரி ஓடியது. “பிஸ்கட்டுக்குப் பதிலா இறால்னு நினைச்சுக்கங்க” என்றார்கள். நான் கையைத் தூக்கி, “நூறு கிலோ இறால் வாங்குறோம். தலையக் கிள்ளினா அறுபத்தஞ்சு கிலோதான் தேறும். மீதி முப்பத்தஞ்சு உங்க சாஃப்ட்வேர்ல எங்க போகும்?” என்று கேட்டேன். “அது லாஸ்ல போகும் மேடம்” என்றார் ஒருவர். எங்கள் எம்.டி. சார் ஐஸ் லாரி ஓட்டித் தொழிலை ஆரம்பித்தவர். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டாவது கம்பெனிக்காரர் எதைக் கேட்டாலும் “பண்ணிக்கலாம்” என்றார். மழை நின்றுவிடுமா என்று கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். மூன்றாவதாக ஒரே ஓர் ஆள் வந்தார். கார்த்திகேயன், கோயம்புத்தூர் பக்கம். என் கேள்விக்கு, “எனக்குத் தெரியலைங்க. ஷெட்டை ஒருக்கா காட்டறீங்களா?” என்றார். கம்பூட்ஸும் தலைக்குத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பெண்கள் நிற்கிற மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றார். வெளியே வந்தபோது அவர் சாக்ஸைப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

எம்.டி. சார் ஒப்புக்கொண்டார். கூடவே, கம்பெனி சார்பில் இந்த வேலைக்கு நீதான் பொறுப்பு என்றார். ஃபேக்டரி மேனேஜர் இருக்கிறார், அக்கவுன்ட்ஸில் பெரியவர்கள் இருக்கிறார்கள், என்னை ஏன் சார் என்று கேட்டேன். கொஞ்சம்கூட சிரிக்காமல் பதில் சொன்னார்: “தப்பாச்சுன்னா யாரப் புடிக்கணும்னு எனுக்குத் தெரியணும். அதுக்குத்தான் உன்ன போட்டேன்.”

பதினான்கு எழுத்து

அடுத்து வந்தது பெயர் வைக்கிற படலம். கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு, அதாவது ஒரு குறியீடு, கொடுக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பெயர் இருந்தது: மஞ்சப் பெட்டி பெருசு, நீலப் பெட்டி வாலோட, நீலப் பெட்டி மொட்டை. சாஃப்ட்வேருக்கு அது போதாது. இனம், அளவு, உரித்ததா உரிக்காததா, எந்த நாட்டுக்கு, எத்தனை கிலோ பெட்டி என்று எல்லாம் சேர்ந்து பதினான்கு எழுத்து நீளத்துக்கு ஒரு கோடு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து நானும் கார்த்தியும் பட்டியல் போட்டோம். கனவில்கூட எனக்கு எண்கள்தான் வந்தன.

பட்டியலை ஷெட்டில் சரிபார்க்கிற நாளில் எம்.டி. சாரும் வந்து நின்றார். ஷெட் சூப்பர்வைசர் தனலட்சுமி அக்கா, இருபது வருஷமாக அங்கே இருப்பவர். ஒரு கை இறாலை அள்ளிப் பார்த்து, கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்வார். தராசில் போட்டால் ஒன்றிரண்டுதான் முன்னே பின்னே இருக்கும். தமிழ் பேப்பர் முழுக்க வாசிப்பார், இங்கிலீஷ் வராது. கார்த்தி ஒரு கோடைத் திரையில் காட்டி, “இது எதுன்னு சொல்லுங்க பாக்கலாங்க்கா” என்றார். அக்கா கண்ணைச் சுருக்கினார். எம்.டி. சார் வாட்ச்சைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களின் கைகள் நின்றுவிட்டன. தெரியவில்லை என்று அக்கா சொன்னால், இனி இவர் எதற்கு என்று எம்.டி. சார் நினைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அக்கா திரையிலிருந்து பார்வையை எடுத்து எம்.டி. சாரைப் பார்த்துச் சொன்னார்: “இம்மா நீட்டு பேர வெச்சா, கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள இறாலு நாறிடும் சார்.”

வேனில் யாரும் பேசவில்லை

மாமல்லபுரத்திலிருந்து கம்பெனி வேனில்தான் நானும் வருவேன். வழியில் ஒவ்வோர் ஊராக நிறுத்தி ஷெட் பெண்களை ஏற்றிக்கொள்ளும். சீரியல், சீட்டு, மாமியார் என்று ஒரே இரைச்சலாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை நான் ஏறியதும் சத்தம் அடங்கியது. கம்ப்யூட்டர் வந்தால் ஆளைக் குறைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் பக்கத்தில் காலி சீட் இருந்தும் யாரும் உட்காரவில்லை. இந்த வேலை பார்த்த எல்லோரும் இப்படி ஒரு வேனில் போயிருப்பீர்கள்.

ஷெட் வாசலில் கையை நனைக்கிற குளோரின் தொட்டி அருகே ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். நடுவில் தனலட்சுமி அக்கா. “ஆள கொறைப்பாங்களா?” நான் இல்லை என்றேன். அது நிஜமா என்று எனக்கே தெரியாது. கார்த்தியின் கம்பெனி கொடுத்த திட்ட ஆவணத்தில் நாற்பதாம் பக்கமோ என்னவோ, இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது: ஷெட் சூப்பர்வைசர், இரண்டிலிருந்து ஒன்று. அதைப் படித்த அன்றைக்கே எம்.டி. சாரிடம் கேட்கப் போய், கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உள்ளே போனதும் என் காதருகே வந்து சொன்னார்: “நீ சொன்னது பொய்யா இருந்தாகூட பரவால்ல எஸ்தரு. யாரு சொல்லச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு.”

கோ-லைவ்

பழைய முறையை நிறுத்திப் புதிய சாஃப்ட்வேரில் வேலையை ஆரம்பிக்கிற நாளுக்கு கோ-லைவ் என்று பெயர். அன்று காலையிலிருந்தே, கேட்டில் வருகிற வண்டிகளைக் குறிக்கிற புத்தகத்தைக்கூட நிறுத்திவிட்டோம். நிறுத்தச் சொன்னது நான்தான். நோட்டு கையில் இருந்தால் எல்லோரும் நோட்டுக்கே திரும்பிப் போவார்கள் என்று கார்த்தியிடம் பாடம் கேட்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குள் மூன்று லாரிகள் வந்துவிட்டன. மூன்றும் வேறு வேறு பண்ணை. இறால் இறக்க வேண்டுமென்றால் முதலில் பண்ணையின் பெயரைத் தேர்வு செய்ய வேண்டும். அப்போதுதான் அந்த வண்டிச் சரக்குக்கு என்று லாட் நம்பர் வரும், லேபிள் அச்சாகும். அந்த மூன்று பண்ணைகளின் பெயர்களும் பட்டியலில் இல்லை. முதல் நாள் ஏற்றிய ஃபைலில் பாதிதான் ஏறியிருந்தது. கார்த்தி ஒரு மூலையில் நின்று தன் ஆபீஸோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். பெயரை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் திரை சிவப்பாகி நின்றது. வெயில் ஏறியது. லாரிகளுக்குக் கீழே ஐஸ் தண்ணீர் ஓடி ரோடு வரை போய்விட்டது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். உள்ளே எண்பது பெண்கள் வெறும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். ஃபேக்டரி மேனேஜர் என் பின்னாலேயே நின்று, “இன்னும் எவ்ளோ நேரம்? இன்னும் எவ்ளோ நேரம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிஷம். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினேன்: “லிஸ்ட்ல மொதல்ல எந்தப் பேரு இருக்கோ அதைத் தட்டு. சாயங்காலம் மாத்திக்கலாம்!”

அவள் தட்டினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மூன்று லாரியும் ஒரே பெயரில் இறங்கின. எந்த லாட் எந்தப் பண்ணை என்று பேனாவால் என் உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன். பிறகு ஷெட்டுக்குள் ஓடினேன். உள்ளே போகும்போது எல்லோரையும் போலக் குளோரின் தொட்டியில் கையை நனைத்தேன். மாலையில் எம்.டி. சார் கேக் வெட்டினார், போட்டோ எடுத்தார்கள். என் கையில் நீலமாக ஒரு கறை மட்டும் இருந்தது. எதற்கு எழுதினோம் என்பதே அப்போது நினைவில் இல்லை. கார்த்தி கேக்கை வாயில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சொன்னார்: “முதல் நாளே சரக்கு கெடாம உள்ள போயிருச்சுல்லங்க? இதுக்கு மேல என்னங்க வேணும்?”

ஈரக் கை

ஷெட்டில் அளவு பதிவதற்கு நான்கு டச் ஸ்கிரீன் வைத்திருந்தோம். கையுறை போட்ட கைக்கு அவை மசியவில்லை. கையுறையைக் கழற்றினால் கை ஈரம். துடைத்துவிட்டுத் தொடலாம் என்றால் துணி கொண்டுபோக அனுமதி இல்லை. இரண்டு நாளாக எண்கள் எதுவும் ஏறவில்லை, என்னை நோக்கி மட்டும் போன்கள் ஏறிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் எண்கள் சரசரவென்று வர ஆரம்பித்தன. எப்படி என்று பார்க்கப் போனால், முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அம்மா குனிந்து திரையில் மூக்கால் தட்டிக்கொண்டிருந்தார். சுகாதார அதிகாரி யாராவது பார்த்தால் கம்பெனியையே மூடிவிடுவார்கள் என்று நான் பதறினேன். அவர் நிமிர்ந்து, நான்தான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோலப் பார்த்தார்: “கைதான ஈரம், மூக்கு காஞ்சிதான கீது?”

பத்து செகண்ட்

கோ-லைவ் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை வெளிநாட்டு வியாபாரியிடமிருந்து மெயில் வந்தது. நாங்கள் அனுப்பிய ஒரு லாட்டில் ஆன்டிபயாடிக் இருப்பதாக அவர்களுடைய பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அது எந்தப் பண்ணை இறால், அந்தப் பண்ணையின் சரக்கு வேறு எதிலெல்லாம் இருக்கிறது என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இனி எங்களிடம் வாங்க மாட்டார்கள். அவர்கள் வாங்காவிட்டால் ஷெட்டில் பாதி மேஜை காலி. போதாததற்கு அதே வியாபாரிக்கு அன்று காலைதான் இன்னொரு கன்டெய்னர் கிளம்பித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எம்.டி. சார் ரூமில் எல்லோரும் கூடினோம். கார்த்தி லாட் நம்பரை அடித்தார். பத்து செகண்ட்கூட ஆகவில்லை. பண்ணை: ஆறுமுகம், கடப்பாக்கம். ரூமில் ஒரு பெருமூச்சு. பழைய நாளாக இருந்தால் இதற்கு இரண்டு நாள் ஆகியிருக்கும் என்று மேனேஜர் சொன்னார். எம்.டி. சார் கார்த்தியின் முதுகில் தட்டினார். அடுத்ததாக கன்டெய்னரில் ஆறுமுகத்தின் சரக்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. “அப்ப வண்டி போவட்டும்” என்றார் எம்.டி. சார். உடனே போனை எடுத்து ஆறுமுகத்தை வரச் சொன்னார். நான் திரையில் லாட்டின் தேதியைப் பார்த்தேன். கோ-லைவ் தேதி, அன்றைக்கு இரண்டாவதாக இறங்கிய லாட். பட்டியலில் முதல் பெயர் எது என்று நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. இப்போது தெரிந்தது.

வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மேனேஜர் இருந்தார், கார்த்தி இருந்தார், எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகச் சொல்லலாம் என்று மனசு இழுத்தது. அரை மணியில் ஆறுமுகம் பைக்கில் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். ஒரு பிளாஸ்டிக் கவரில் தன் குளத்துப் பரிசோதனைத் தாள்களை எல்லாம் வைத்திருந்தார். இனி உன் இறால் வேண்டாம், வியாபாரிக்கும் உன் பெயரைத்தான் எழுதப்போகிறேன் என்று எம்.டி. சார் சொன்னார். ஆறுமுகம் கத்தவில்லை. கவரைப் பிரிக்கக்கூட இல்லை. அந்தத் தேதியில் தன் குளத்தில் வலையே இறங்கவில்லை என்றார். கம்ப்யூட்டர் காட்டுகிறதே என்று எம்.டி. சார் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஆறுமுகம் அதைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார். “என் பேரு அதுக்குள்ள எப்பிடி சார் போச்சி? நான் போடலியே.”

மதுராந்தகம், செங்கல்பட்டு

ரூமை விட்டு வெளியே வந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். “அக்கா, கம்ப்யூட்டர் ஆரம்பிச்ச அன்னிக்கு ரெண்டாவதா இறங்குன வண்டி யாருது?” தனலட்சுமி அக்கா யோசிக்கவே இல்லை. “நீல தார்ப்பாயி போட்ட வண்டி. ஐஸு பத்தாம வந்துது, நான் அந்த டிரைவரோட சண்ட போட்டேனே.” பண்ணையின் பெயரையும் சொன்னார். செய்யூர் பக்கத்துப் பண்ணை அது. பெயர் இங்கே வேண்டாம். அக்கா குரலைத் தாழ்த்தினார். “மொத பேர தட்டுன்னு நீ கத்துனது எனுக்கும் கேட்டுது. போயி சொல்லு. இல்ல, நான் வந்து சொல்லட்டா?”

நானே போய்ச் சொன்னேன். ஆறுமுகம் அங்கேயே இருந்தார், அவர் முன்னாலேயே சொன்னேன். கார்த்தி அவசரமாக ஏதோ தட்டினார். பிறகு ஒழுங்காகப் பதிவாகியிருந்த, அந்தச் செய்யூர்ப் பண்ணையின் இன்னோர் அறுவடை அந்தக் கன்டெய்னரில் போய்க்கொண்டிருந்தது. எம்.டி. சார் டிரைவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கேட்டால் வண்டி மதுராந்தகம் தாண்டிவிட்டது என்றார்கள். துறைமுகத்துக்குள் போய்விட்டால் திரும்ப எடுப்பது லேசான காரியமில்லை. ஏழாவதோ எட்டாவதோ முறை டிரைவர் எடுத்தார். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் நாஸ்தா துன்னுகினு இருந்தாராம். வண்டியை அங்கேயே போடச் சொன்னார்கள்.

அக்காவின் நினைவை மட்டும் நம்பி ஒரு கன்டெய்னரைத் திருப்ப முடியாது, அத்தாட்சி வேண்டும் என்றார் எம்.டி. சார். கேட் புத்தகம் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. அதை நிறுத்திய புண்ணியவதி நான்தான். நீல தார்ப்பாய் வண்டியின் டிரைவரைத் தேடிப் பிடித்தேன். அன்று வழியில் எடை மேடையில் ஏறியபோது வாங்கிய சீட்டை அவர் தூக்கிப்போடாமல் வண்டியிலேயே வைத்திருந்தார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பாதியில் அவர் கட்டைவிரல். திரும்ப எடுக்கச் சொன்னேன். வந்தது: அதே தேதி, எட்டரை மணி, செய்யூர். கன்டெய்னர் திரும்பியது. வியாபாரிக்கு, பிழையோடு சேர்த்து, உண்மையான பதில் போனது. அதற்குப் பிறகுதான் எம்.டி. சார் என் பக்கம் திரும்பினார். நான் வேலையை விட்டுவிடுகிறேன் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ பூட்டா இத யாரு திருத்துவா? மொதல்ல திருத்து. போறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்.”

கடப்பாக்கம் பஸ்

அன்று ரூமை விட்டுப் போகும்போது ஆறுமுகம் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எம்.டி. சார் அவரிடம் போனில் வருத்தம் சொன்னார். ஆனாலும் அடுத்த அறுவடையை அவர் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போனேன். ஊரில் இருக்கிற பழைய கோட்டைக்குப் போகிற பாதையில் இறங்கி விசாரித்தால் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்திருந்தது. “மருந்து போட்டாருன்னு சொன்னாங்களே, அவரா?” என்று கடைக்காரர் கேட்டார். நான்கே நாளில் பேச்சு ஊர் வரை வந்திருந்தது. அங்கேயே நின்று, அது தப்பு, தப்பு செய்தது நான் என்று கடைக்காரருக்கும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் சொன்னேன். சொன்னதை எத்தனை பேர் நம்பினார்கள் என்று தெரியாது.

ஆறுமுகம் குளக்கரையில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்த காற்று மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என் பெயர், வேறு யார் பெயரும் ஏன் வரவில்லை என்று கேட்டார். இங்கிலீஷ் எழுத்து வரிசையில் பட்டியல் போடும், உங்கள் பெயருக்கு முன்னால் இரண்டு ஏ இருக்கிறது, அதனால் உங்கள் பெயர்தான் தலையில் நிற்கிறது என்றேன். பண்ணை ஆரம்பித்தபோது செங்கல்பட்டில் ஒரு நியூமராலஜிக்காரர் அந்த இரண்டாவது ஏ-வைச் சேர்க்கச் சொன்னாராம். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. “எங்க போனாலும் மொதல்ல வருவேன்னு சொன்னான்மா. எதுல மொதல்ல வருவேன்னு சொல்லல.”

கட்டைவிரல்

அதன்பிறகு கார்த்தி பட்டியலின் தலையில் எந்தப் பெயரும் நிற்காதபடி, தேடினால்தான் பெயர் வரும்படி மாற்றினார். அதைத் தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று எம்.டி. சாரிடம் அவராகவே போய்ச் சொன்னார். கேட் புத்தகம் திரும்பி வந்தது. ஆறுமுகம் மூன்று மாதம் கழித்து ஒரு குளத்து இறாலை மட்டும் எங்களுக்கு அனுப்பினார். மற்ற குளங்களை இன்னும் நம்பி அனுப்பவில்லை.

யார் யாருக்கு என்ன அதிகாரம் என்று ஒரு பட்டியல் போடச் சொல்லி எம்.டி. சார் என்னிடம் கொடுத்தார். இந்த முறை கதவு வரை போய்த் திரும்பவில்லை. உள்ளே போய், அந்த நாற்பதாம் பக்கத்தைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன். சூப்பர்வைசர் இரண்டு பேரில் யாரை வேலையை விட்டு எடுப்பதாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். இங்கிலீஷ் தெரியாதவங்களைத்தானே எடுக்க முடியும் என்றார். அப்படியானால் அன்றைக்குக் கன்டெய்னரை யார் திருப்பியிருப்பார்கள் என்று கேட்டேன். அவர் ஆவணத்தை மூடி ஓரமாக வைத்தார். அந்த வரியை அடிக்கவில்லை. இன்றுவரை அது ஆவணத்தில் அப்படியேதான் இருக்கிறது. அதன்படி யாரும் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் நான் எழுதிய ஒன்றில் கையெழுத்துப் போட்டார்: எந்த வண்டி இறால் இறங்கினாலும், பண்ணையின் பெயர் சரிதான் என்று தனலட்சுமி அக்கா கட்டைவிரல் வைத்தால்தான் அந்த லாட் திறக்கும்.

வாசலில் விரல் வைக்கிற மெஷினை மாட்டி, பெயர்களை எல்லாம் தமிழில் வரச் செய்து, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அதை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார்: “இருவது வருசமா வாயால சொல்லிகினு இருந்தேன், ஒருத்தனும் கேக்கல. இப்ப வெரல வெச்சா கேக்குதாமா?”

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், பொய்யையெல்லாம் நாம்தான் அதற்கு ஒவ்வொன்றாக என்ட்ரி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.